சேற்றிலிருந்து நீரைப் பிரித்தல்: கமக்காரர் அறிந்திருக்க வேண்டியவை

(புத்தளம் மாவட்டக் கரையோரக் கமக்காரர்களுக்கு ஆற்றிய உரை)



மாரிகாலத்திற் குடிநீர் கலங்கிவிட்டால் நம் பாட்டிமார் யாது செய்தனர் என்பதை உங்களுட் பலர் அறிவீர்கள். தேத்தாங்கொட்டை ஒன்றை எடுத்து மண்பானையின் உட்புறத்திற் சிறிது தேய்ப்பர். அப்பானையிற் கலங்கல் நீரை வார்த்து மூடிவைப்பர். மறுநாட் காலையில் மேலே தெளிந்த நீர் நிற்கும். அடியிற் சேறு படிந்திருக்கும். சூடான் நாட்டுப் பெண்கள் நைல் நதியின் கலங்கல் நீரை முருங்கை விதைத் தூளினால் இவ்வாறே தெளியவைத்தனர். இன்று பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிற் கழிவுச்சேற்றைக் கட்டியாக்கி, அதிலுள்ள நீரைப் பிரித்தெடுப்பதற்குக் கையாளப்படும் முறையும் அடிப்படையில் இதுவேயாகும்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் கமக்காரருக்கும் என்ன தொடர்பு என நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. இறாற் பண்ணைக் குளங்களிலிருந்தும், மலசலகூடக் குழிகளிலிருந்தும், தொழிற்சாலைகளிலிருந்தும் அகற்றப்படும் சேறு எங்கேனும் போய்ச்சேர வேண்டும். கறுத்து, கொழுமையாகத் தோன்றும் அச்சேற்றை “நல்ல பசளை, இலவசமாகத் தருகிறோம்” என்று ஒருவர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு உங்கள் படலையடிக்கு வரக்கூடும். அதனை ஏற்பதா, மறுப்பதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் நீங்களே. தவறான சேறு ஒருமுறை நிலத்திற் கலந்துவிட்டால், அதை மீண்டும் பிரித்தெடுத்தல் இயலாது. ஆகையால் இவ்விடயத்தின் நன்மையையும் தீமையையும் நீங்கள் அறிந்திருத்தல் நலம்.

சேறு ஏன் தானாகப் படிவதில்லை?

மணலை நீரிற் போட்டால் உடனே அடியில் விழும். மென்களியும், அழுகிய பொருள்களின் நுண்துகள்களும் அவ்வாறு விழுவதில்லை. அவை மிகச் சிறியன. அன்றியும், அவற்றின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் உண்டு. ஒரேவகை மின்னேற்றமுடைய துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவதனால், அவை சேர்ந்து பாரமாகி விழமாட்டாமல் நீரில் மிதந்துகொண்டே இருக்கின்றன.

நேர் மின்னேற்றமுடைய ஒரு பொருளை அந்நீரிற் சேர்த்தால், தள்ளும் வலிமை குன்றும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளைகளாகும். திரளைகள் பாரமுற்று அடியிற் படியும். இவ்வேலையைச் செய்யும் பொருளையே திரட்டுப்பொருள் என்கிறோம். தேத்தாங்கொட்டையிலும் முருங்கை விதையிலும் இத்தகைய இயற்கைப் பொருள்கள் அமைந்துள்ளன.

இதற்கு வேறோர் உதாரணத்தை நம் மாவட்டத்திலேயே காணலாம். மாரி வெள்ளத்திற் கலா ஓயாவும் மீ ஓயாவும் செந்நிறமாகக் கலங்கி வருகின்றன. அந்நீர் புத்தளம் களப்பின் உவர்நீரைச் சேர்ந்ததும், உப்பின் நேர் மின்னேற்றங்களினால் நுண்களி திரண்டு அடியிற் படிகிறது. ஆற்று முகங்களிற் சேற்றுத் தரைகள் உருவாவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

திரட்டுப்பொருள்களின் வகைகள்

முதலாவது வகை உலோக உப்புக்கள். சீனக்காரம் எனப்படும் படிகாரம், பெரிக் குளோரைட்டு என்பன இவ்வகையின. சுண்ணாம்பையும் இவற்றுடன் சேர்த்து வழங்குவதுண்டு. படிகாரம் நீரிற் கரைந்ததும் பஞ்சுபோன்ற அலுமினியம் ஐதரொட்சைட்டு உண்டாகித் துகள்களைத் தன்னுள் அகப்படுத்திக்கொண்டு இறங்கும். நீரின் அமிலகாரத் தன்மை ஏறத்தாழ 6 முதல் 8 வரை இருக்கும்பொழுதே இது நன்கு தொழிற்படும். விலை குறைவு, ஆனால் சேற்றின் அளவை இது சற்றுக் கூட்டிவிடும்.

இரண்டாவது வகை பொலிமர்கள். பொலிஅக்ரிலமைட்டு இவற்றுள் முக்கியமானது. இதன் ஒவ்வொரு மூலக்கூறும் நீண்ட நூல் போன்றது. ஒரே நூல் பல துகள்களைப் பற்றி இழுத்துக் கட்டுவதனால், திரளைகள் பெரியனவாகவும் உறுதியாகவும் அமைகின்றன. நேர் மின்னேற்றமுடைய பொலிமர் பெரும்பாலும் உயிர்க்கழிவுச் சேற்றுக்கும், எதிர் மின்னேற்றமுடைய பொலிமர் களிமண் போன்ற கனிமச் சேற்றுக்கும் ஏற்றவை. நீரில் உப்பு மிகுந்தால் இந்நூல்கள் விரியாமற் சுருண்டுகொள்ளும். ஆதலால் நன்னீரிற் சிறப்பாகத் தொழிற்படும் பொலிமர் உவர்நீர்ச் சேற்றில் அவ்வாறு தொழிற்படாமற் போகலாம்.

நீரைப் பிரிப்பதால் என்ன பயன்?

இதனை ஒரு கணக்கினால் விளக்குவோம். கழிவுச்சேற்றில் நூற்றுக்கு 97 முதல் 99 பங்குவரை நீரே இருப்பது வழக்கம். திண்பொருள் 2 வீதமுள்ள 1,000 லீற்றர் சேற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள திண்பொருள் 20 கிலோகிராம் மட்டுமே, எஞ்சியது நீர். திண்பொருள் 20 வீதம் ஆகும்வரை நீரைப் பிரித்தால், மிஞ்சுவது 100 கிலோகிராம் சேற்றுக்கட்டியாகும். பாரம் பத்திலொன்றாகக் குறைந்துவிட்டது. பத்துத்தடவை ஏற்றவேண்டிய சுமையை ஒரே தடவையில் ஏற்றலாம். முன்னர் குழம்பாக வழிந்தோடிய பொருளை இப்போது மண்வெட்டியால் அள்ளலாம்.

திரட்டுப்பொருள் சேர்க்காத சேற்றை மணற்பாத்தியில் ஊற்றினால், நுண்துகள்கள் மணலின் துளைகளை அடைத்துக்கொள்ளும்; நீர் இறங்காது. திரட்டிய சேற்றை ஊற்றினால், திரளைகளின் இடைவெளியினூடாக நீர் விரைந்து வடியும். பெரிய நிலையங்களில் இதே சேற்றை இரு பட்டிகளுக்கிடையே நசுக்கியும், விரைவாகச் சுழலும் இயந்திரத்தில் இட்டும் நீரை அகற்றுவர். எம்முறையைக் கையாண்டாலும் முதலிற் சேறு நன்கு திரண்டிருத்தல் வேண்டும்.

அளவறிந்து சேர்த்தல்

பொலிமரின் அளவு பொதுவாக 1,000 கிலோகிராம் உலர்ந்த திண்பொருளுக்கு 2 முதல் 10 கிலோகிராம் வரையாகும். மேற்கூறிய 1,000 லீற்றர் சேற்றுக்கு இது 40 முதல் 200 கிராம் வரை அமையும். சரியான அளவைச் சோதனையாலேயே அறியலாம்.

ஒரு கிராம் பொலிமர்த் தூளை ஒரு லீற்றர் நன்னீரிற் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கி, ஒரு மணிநேரம் ஊறவிட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டிபட்டு வீணாகும். பின்னர் ஆறு பாத்திரங்களில் ஒவ்வொரு லீற்றர் சேற்றை எடுத்து, முதலாவதில் ஒன்றும் சேர்க்காமல், ஏனையவற்றில் முறையே 40, 80, 120, 160, 200 மில்லிலீற்றர் கரைசலைச் சேர்க்க வேண்டும். முதலில் ஒரு முறை நன்றாகவும், பின்னர் மெதுவாகவும் கலக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனித் துணியில் வடியவிட வேண்டும். மிகக் குறைந்த அளவில் விரைவாகவும் தெளிவாகவும் நீர் வடிந்த பாத்திரம் எதுவோ, அதுவே ஏற்ற அளவு.

இங்கு நேரும் பிழைகள் இரண்டு. ஒன்று, கூடுதலாகச் சேர்த்தால் இன்னும் நன்றாகத் திரளும் என எண்ணுதல். அளவு மிஞ்சினால் துகள்கள் இப்போது நேர் மின்னேற்றம் பெற்று மீண்டும் ஒன்றையொன்று தள்ளும். சேறு வழுவழுப்பாகி நீர் வடியாது. மற்றது, திரண்ட பின்னரும் பலமாகக் கலக்குதல். உடைந்த திரளை முன்போல மீண்டும் சேராது.

பொலிமர்த் தூளைச் சுவாசிக்கலாகாது. நிலத்திற் சிந்தினால் அவ்விடம் மிகவும் வழுக்கும், கவனம் வேண்டும்.

புத்தளத்தின் இறாற் பண்ணைகள்

நம் கரையோரத்தில் வர்த்தக ரீதியான இறால் வளர்ப்பு 1980 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. குளங்கள் பெருகின. சிலாபக் களப்பு, முந்தல் களப்பு, புத்தளம் களப்பு ஆகியவற்றை இணைக்கும் ஒல்லாந்தர் வாய்க்காலிலிருந்தே பல பண்ணைகள் நீரை எடுத்தன; கழிவுநீரை அதனுள்ளேயே விட்டன. ஒருவர் விட்ட நீரை அடுத்தவர் எடுத்தார். 1996 ஆம் ஆண்டில் வெள்ளைப்புள்ளி நோய் பரவியபொழுது, ஒரு குளத்தின் நோய் பல குளங்களுக்குச் செல்வதற்கு இப்பொது நீரும் வழியாயிற்று. பண்ணைகள் பல கைவிடப்பட்டன. பின்னர் 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டது.

இவ்வரலாறு நமக்கு ஒரு பாடம். கழிவுநீரைப் படிவுக் குளத்தில் தேக்கி, சேற்றைப் பிரித்து, தெளிந்த நீரை மட்டும் வெளியேற்றுவது அயலாருக்குச் செய்யும் உபகாரம் மட்டுமன்று; தன் தொழிலைத் தானே காத்துக்கொள்ளும் வழியுமாகும். ஆனால் பிரிக்கப்பட்ட சேறு யாருடைய நிலத்திற்குப் போகிறது என்பதே கமக்காரராகிய உங்களுக்குரிய கேள்வி.

உப்பின் கணக்கு

முன்னர் கூறிய 1,000 லீற்றர் சேறு இறாற் குளத்துச் சேறாயின், அதன் நீரில் லீற்றருக்கு 25 கிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் அச்சேற்றில் ஏறத்தாழ 25 கிலோகிராம் உப்பு உண்டு. திண்பொருளோ 20 கிலோகிராமே. இதனை அப்படியே வெயிலிற் காயவிட்டால் யாது நிகழும்? வெயில் நீரை மட்டுமே கொண்டுபோகும், உப்பை விட்டுச்செல்லும். உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த புத்தளத்தாருக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. காய்ந்தபின் கிடைப்பது பசளையன்று, பாதிக்குமேல் உப்பாகும்.

திரட்டுப்பொருளிட்டு வடியவைத்தால் நிலைமை மாறும். 100 கிலோகிராம் சேற்றுக்கட்டியில் நீர் 80 லீற்றரே இருப்பதால், அதில் எஞ்சும் உப்பு ஏறத்தாழ 2 கிலோகிராம். மற்றையது வடிநீருடன் போய்விட்டது. அக்கட்டியை 400 லீற்றர் நன்னீரிற் கரைத்து மீண்டும் வடியவைத்தால், எஞ்சுவது கிலோகிராமின் மூன்றிலொரு பங்களவே. உப்பைக் குறைப்பது வடித்தலும் கழுவுதலுமேயன்றி, காயவிடுதலன்று என்பதை மறவாதீர்கள்.

அடுத்து, வடிந்த நீர் எங்கே போயிற்று எனக் கேளுங்கள். ஏறத்தாழ 900 லீற்றர் நீருடன் 23 கிலோகிராம் உப்பும் சென்றிருக்கிறது. அந்நீர் வந்த உவர்நீர்ப் பக்கத்திற்கே, உரிய படிவுக் குளத்தினூடாக, அது திரும்பவேண்டும். நன்னீர் வாய்க்காலிலோ, வயற்பக்கத்திலோ, கிணற்றடியிலோ விடலாகாது.

கற்பிட்டித் தீபகற்பத்திற் செய்கை பண்ணுவோர் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ளவேண்டும். அங்குள்ள மணல் எதனையும் தடுத்துநிறுத்தாது. மழைநீர் அம்மணலினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. மிளகாய்க்கும் வெங்காயத்திற்கும் இறைப்பது அந்நீரே. வீட்டிற் குடிப்பதும் பெரும்பாலும் அந்நீரே. 1980 ஆம் ஆண்டுகளிலிருந்து அங்கு நடத்தப்பட்ட ஆய்வுகள், தோட்டங்களை அடுத்த பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை மீறியிருத்தலைக் காட்டின. மிதமிஞ்சிய பசளையும் மணற்பாங்கான மண்ணுமே இதற்குக் காரணம். கைக்குழந்தைகளுக்கு இத்தகைய நீர் ஆபத்தானது. கழிவுச்சேற்றிலும் தழைச்சத்து உண்டு. அதனை இடுவோர் அந்த அளவுக்கு யூரியாவைக் குறைத்தே ஆகவேண்டும்.

வயலின் களியும் இதே விதிக்கு அடங்கும்

நெற்செய்கையாளர் கவனிக்க வேண்டியது வேறொன்று. சேற்றுடன் வரும் சோடியம் வயற்களியிற் பற்றிக்கொண்டால், பின்னர் மழை பெய்து உப்புக் கழுவப்பட்டதும், களி திரளாமற் பிரிந்து கலங்கும். துளைகள் அடைபடும், நீர் இறங்காது, காய்ந்தால் நிலம் பாறையாக இறுகும். பானையிற் சேறு திரள்வதும், வயலிற் களி திரள்வதும் ஒரே விதியினாலேயே.

இதனை அறிய எளிய சோதனை உண்டு. உலர்ந்த வயல் மண்ணில் ஒரு பிடியைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு, மழைநீர் வார்த்துக் குலுக்கி வையுங்கள். மறுநாளும் நீர் கலங்கியே நின்றால், களியிற் சோடியம் மிகுந்திருக்கலாம். அவ்வாறான இன்னொரு போத்தலில் ஒரு தேக்கரண்டி ஜிப்சம் இட்டுக் குலுக்கினால், அது தெளிகிறதா என்று பாருங்கள். தெளிந்தால், ஜிப்சத்திலுள்ள கல்சியம் அக்களியைத் திரட்டுகிறது என்பது பொருள். எனினும், வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் இட்டுப் பயனில்லை. வெளியேறும் சோடியம் போவதற்கு வழி வேண்டும். மண்பரிசோதனை செய்து, ஆலோசனை பெற்ற பின்னரே இடுங்கள்.

பொலிமரையும் நிலத்திற்கு நேரே பயன்படுத்தியோர் உளர். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், 1990 ஆம் ஆண்டுகளிற் சால்வழிப் பாயும் நீரில் மிகச் சிறிதளவு, லீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவில், எதிர் மின்னேற்றமுடைய பொலிஅக்ரிலமைட்டைக் கலந்து மண்ணரிப்பைக் குறைத்தனர். நேர் மின்னேற்றமுடையதை அவர்கள் தவிர்த்தமைக்குக் காரணம் உண்டு. அது மீனின் பூக்களிற் பற்றி மீனைக் கொல்ல வல்லது. களப்பை நம்பி வாழும் மீனவரும் நம் அயலவரே என்பதை நாமும் நினைவிற் கொள்ளவேண்டும்.

எல்லாச் சேறும் பசளையன்று

குடிநீரைப் படிகாரத்தினாற் தெளியவைக்கும்போது கிடைக்கும் சேற்றில் அலுமினியம் மிகுந்திருக்கும். அது மணிச்சத்தைப் பற்றிக்கொண்டு பயிருக்குக் கிடைக்காமற் செய்யும். அதனைப் பசளையென ஏற்கவேண்டாம்.

மலசலகூடக் குழிச் சேற்றிலிருந்து நீரைப் பிரித்தாலும், குடற்புழுக்களின் முட்டைகள் சாவதில்லை. அவை சேற்றுக்கட்டியிலேயே தங்கும். நம் நாட்டைப் போன்ற வெப்பமான இடங்களில் அதனை ஓராண்டுக்குமேல் ஒதுக்கிவைத்த பின்னரே நிலத்திலிடலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலாகும். பச்சையாக உண்ணும் கீரை, கரட், தக்காளி என்பவற்றிற்கு அதனைத் தவிர்ப்பதே நன்று.

தொழிற்சாலைச் சேற்றில் ஈயம், குரோமியம், கட்மியம் போன்ற பார உலோகங்கள் இருக்கலாம். திரட்டுப்பொருள் இவற்றை அழிப்பதில்லை. நீரிலிருந்து எடுத்துச் சேற்றிற் குவிக்கிறது. நீர் எவ்வளவுக்குத் தெளிகிறதோ, அவ்வளவுக்கு நஞ்சு கட்டியிற் சேர்ந்திருக்கலாம்.

ஏற்பதற்கு முன் கேட்க வேண்டியவை

ஆகவே எவரேனும் சேற்றைக் கொண்டுவந்தால் பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

1. இச்சேறு எங்கிருந்து வந்தது? நன்னீரிலிருந்தா, உவர்நீரிலிருந்தா, தொழிற்சாலையிலிருந்தா?

2. இதில் எந்தத் திரட்டுப்பொருள், எவ்வளவு சேர்க்கப்பட்டது?

3. நீரை வடித்தார்களா, வெறுமனே காயவிட்டார்களா? நன்னீரிற் கழுவினார்களா?

4. உப்பும் பார உலோகங்களும் பரிசோதிக்கப்பட்ட அறிக்கை உண்டா?

5. கழிவை வெளியேற்றுவதற்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமப்பத்திரம் அந்நிலையத்திற்கு உண்டா?

விடை சொல்லத் தயங்குபவரிடம் சேறு வாங்கத் தயங்குங்கள்.

விடைகள் திருப்தியாயிருப்பினும், நிலமெங்கும் பரப்புமுன் சட்டிச் சோதனை ஒன்றைச் செய்யுங்கள். ஒரு சட்டியில் உங்கள் தோட்ட மண்ணை மட்டும் இடுங்கள். இரண்டாவதிற் பத்திலொரு பங்கும், மூன்றாவதில் நாலிலொரு பங்கும் சேற்றைக் கலவுங்கள். ஒவ்வொன்றிலும் இருபது போஞ்சி விதைகளை நட்டு, இரு வாரம் ஒரேயளவு நீரூற்றிப் பாருங்கள். முளைப்புக் குறைந்தாலோ, இலை ஓரம் கருகினாலோ அச்சேறு உங்கள் நிலத்திற்கு ஆகாது.

போஞ்சியைச் சொல்வதற்குக் காரணம், அது உப்பை மிகக் குறைவாகவே தாங்கும் பயிர். மண்ணின் உவர்த்தன்மையை அளக்கும் டெசிசீமன்ஸ் கணக்கிற் போஞ்சி 1.0, வெங்காயம் 1.2, மிளகாய் 1.5, தக்காளி 2.5, நெல் 3.0, பீற்றூட் 4.0 என்னும் அளவைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். ஆகையாற் போஞ்சி தாங்கிய உப்பை மற்றையவும் தாங்கும். ஆனால் இச்சோதனை உப்பைப் பற்றியதே. பார உலோகத்தையும் புழு முட்டையையும் சட்டி காட்டாது. அவற்றிற்கு ஆய்வுகூட அறிக்கையே வேண்டும்.

அன்பர்களே, திரட்டுப்பொருள் நல்லதொரு கருவி. அதனை அளவோடும் அறிவோடும் கையாண்டால், களப்பிற் கலக்கவிருந்த சேறு கரையிலேயே நின்றுவிடும், சுமை குறையும், உவர்நீர்ச் சேற்றின் உப்பும் பெருமளவு நீங்கும். ஆனால் அது நீரையும் சேற்றையும் பிரிக்கும் வேலையை மட்டுமே செய்யும். பிரிந்த நீர் எங்கே போகிறது, பிரிந்த சேற்றில் என்ன இருக்கிறது என்னும் இரு கேள்விகளையும் மனிதரே கேட்கவேண்டும்.

உங்கள் நிலமும் கிணறும் பிள்ளைகளுக்கு நீங்கள் விட்டுச்செல்லும் முதுசம். ஐயம் எழுந்தால், சேற்றை இறக்கவிடுமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அல்லது கமநல சேவை நிலையத்தை அணுகுங்கள். இறக்கிய பின்னர்க் கேட்பதிலும், இறக்குமுன் கேட்பதே சிறந்தது.